இட்டிலிக் கொப்பரையில் அவிந்த வால்வு

பென்ஷனுக்காக, நான் இன்னும் உயிரோடிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்காகப் போன வாரம் நம் துறைமுக அலுவலகத்துக்கு வந்திருந்தேன். வந்த கால் சும்மா இருக்காமல் முக்குளிப்புச் சாமான் கிடங்குப் பக்கம் போனது. அங்கே புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஈரத் தலையைக் காய வைக்கிற மின்சாரக் கருவியை வீட்டிலிருந்து கொண்டுவந்து, காற்றுக் குழாய்களின் இணைப்புகளுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்.

“ரெண்டே நிமிசத்துல காஞ்சிரும் ஐயா. வீட்ல தங்கச்சியோடது” என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சிரித்தது தப்பு. மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போய் அவரிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று அங்கே இல்லாத மற்றத் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்ல மட்டும் தெரியும்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருடங்கள் அவை. எனக்கு இருபத்தாறு வயது. சாமான்களைப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை, அதுவும் தற்காலிகம். உங்களைப் போல முதுகில் காற்றுப் புட்டி கட்டிக்கொண்டு இறங்குகிற காலம் அல்ல. தலையில் செம்பு ஹெல்மெட், உடம்பில் ரப்பர் பூசிய கித்தான் உடுப்பு, காலில் ஈயச் செருப்பு. மேலே தோணியில் ஒரு பம்பு இருக்கும். அதன் இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஆட்கள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காற்று ரப்பர் குழாய் வழியாகக் கீழே இருக்கும் குளியாளுக்குப் போகும்.

எங்கள் குழாய் பழசு. ஓரிடத்தில் வெடிப்பு விட்டு, தார் நூலால் இறுகச் சுற்றி வைத்திருந்தோம். புதுக் குழாய் கேட்டு எழுதினால், கப்பலில் இடமில்லை என்று பதில் வரும். அதனால் எங்கள் தைரியமெல்லாம் ஹெல்மெட்டின் பின்பக்கம் இருந்த ஒரு சின்ன வால்வின் மேல்தான். எலுமிச்சம்பழ அளவுப் பித்தளை, அதற்குள்ளே ஒரு தோல் வட்டம். காற்று உள்ளே வரும்போது தோல் விலகிக்கொடுக்கும். குழாய் வெடித்துக் காற்று திரும்பி ஓடப் பார்த்தால், அந்தத் தோல் கதவு போல மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் காற்றெல்லாம் குழாய் வழியே மேலே பாய்ந்துவிடும். காற்றுப் போன இடத்துக்குள் கடல் ஆளை நசுக்கித் திணிக்கும். ஐந்து பாகம், அதாவது முப்பது அடி ஆழமே அதற்குப் போதும். இதற்கு மேல் விவரிக்க எனக்கு மனம் வரவில்லை.

கீழே இறங்குகிறவர் என் அக்காள் ரோசம்மாளின் புருஷன், மிக்கேல் அத்தான். முன்பு சங்கு குளித்தவர். சங்குத் தோணியில் குளியாளின் கயிற்றைப் பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம். தன் அக்காள் தாலி அறுபடும்படி எவனும் கயிற்றை அலட்சியமாகப் பிடிக்க மாட்டான் என்பது கணக்கு. துறைமுக வேலைக்கு வந்த பிறகும் அத்தான் அதை விடவில்லை. “சாமானும் அவன் பாக்கட்டும், கயிறும் அவன் பிடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

சங்குத் தோணியில் இன்னொரு பழக்கமும் உண்டு. சுறா தென்பட்டால் கயிற்றை இழுக்க மாட்டோம், மூன்று முறை உதறுவோம். உதறினால் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். துறைமுகத்தில் இதற்கு அனுமதி இல்லை. ஒரு இழுப்பு என்றால் நலம், நாலு இழுப்பு என்றால் மேலே வா. புத்தகத்தில் உள்ள இவை மட்டுமே செல்லும் என்று எங்கள் போர்மேன் ஐயா எழுதி ஒட்டியிருந்தார். அவர் நம் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர். வேதாகமத்தையும் விதிப்புத்தகத்தையும் ஒரே பயபக்தியோடு வாசிக்கிறவர்.

சாமான் வராத காலத்தில் வீட்டுச் சாமான்தான் கைகொடுத்தது. முதலில் நான் கெடுத்தது தேய்ப்புப் பெட்டியை. குளியுடுப்பின் முழங்கையில் ஒட்டுப் போட, சிரட்டைக் கரி போட்ட பெட்டியை ரப்பர் துண்டின் மேல் வைத்து அழுத்தினேன். ரப்பர் உருகி, பாதி உடுப்பிலும் பாதி பெட்டியின் அடியிலும் ஒட்டிக்கொண்டது. சுரண்டித் துடைத்து, சொல்லாமல் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். என் மனைவி தெரசா அதே பெட்டியால் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தேய்த்தாள். முதுகில் கறுப்பாக ஒரு பெரிய முத்திரை. அதோடு பூசைக்குப் போய் முன்வரிசையில் முழந்தாளிட்டேன். ஊரே சிரித்தது. போர்மேன் ஐயாவும் கேள்விப்பட்டுச் சிரித்தார். ஒட்டு என்னவோ பிடித்துக்கொண்டது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. இதில் என்ன ஆகிவிட்டது, மிஞ்சிப்போனால் ஒரு சட்டை என்று மனசுக்குள் ஒரு தைரியம் வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் வால்வில் களிம்பு ஏறியது. ஹெல்மெட்டில் இருந்தது ஒன்று, மாற்று ஒன்று, இரண்டும் பச்சை பூத்துக் கிடந்தன. முறைப்படி தோலைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் பித்தளையைச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றினால் தோல் கிழிந்துவிடுமோ, கிழிந்தால் வேறு தோல் கிடைக்காதே என்று பயந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, இட்டிலிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி, தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்து மூடினேன்.

தெரசா பார்த்துவிட்டாள். “எங்கம்மா தந்த கொப்பரை. பெருநாளைக்கு இட்டிலி அவிக்கிறது. இதுக்குள்ள கடல் சாமானைப் போடுதியளே!”

“பித்தளைதான ஏளா. புளியும் ஆவியும் பட்டா களிம்பு ஓடிரும்.”

“தேய்ப்புப் பெட்டிக்கும் இப்பிடித்தான் சொன்னிய. உள்ள தோலு இருக்குன்னியளே, அது வெந்துராதா?”

“வேகுறதுக்கு அது என்ன இட்டிலியா?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்னது பதிலே அல்ல.

அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், இரண்டும் தங்கம் போல இருந்தன. விதிப்படி ஊதிப் பார்த்தேன். ஒரு பக்கம் காற்றுப் போனது, மறுபக்கம் போகவில்லை. தோல் ஈரத்தோடு மெதுமெதுவென்று இருந்தது. திருப்தியோடு சன்னல் கட்டையில் காய வைத்தேன். மறுநாள் பூசையில் பீடத்து மெழுகுதிரிக் கால்களைப் பார்க்கப் பார்க்க, என் வால்வுகளின் பளபளப்பு அதற்குக் குறைந்ததல்ல என்ற பெருமைதான் மனசில் ஓடியது. குருவானவர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் அன்றைக்கே சொல்லியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை. இரும்புத் தகடு ஏற்றிய பார்ஜ் என்கிற தட்டைப் படகு ஒன்று கால்வாய் வாயில் அமிழ்ந்து, மற்றப் படகுகளுக்கு வழியை மறித்துக் கிடந்தது. அதைத் தூக்குவதற்கு அடியில் கம்பிக் கயிற்றைக் கோக்க வேண்டும். வெளியே கப்பல் காத்திருந்தது. ஹெல்மெட்டில் வால்வை முடுக்கும்போது போர்மேன் ஐயா கேட்டார்.

“ஊதிப் பாத்தாச்சா வே?”

“பாத்தாச்சு ஐயா.”

சனிக்கிழமைக்கு அது உண்மை. திங்கட்கிழமைக்கு அது பொய். அப்போது எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அத்தான் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். பம்பு சீராகச் சுற்றியது. நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். நேரத்துக்கு ஒரு இழுப்பு கொடுப்பேன், கீழேயிருந்து ஒரு இழுப்பு வரும். பம்பு சுற்றும் ஆட்களில் முறை முடிந்து ஓய்ந்திருந்தவர் காயல்பட்டினத்துக் காசிம் காக்கா; அண்ணனை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் பையில் இருந்த மாற்று வால்வு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“என்ன சூசை, கோயில்லேர்ந்து கழட்டிட்டு வந்துட்டியா? இப்பிடி மின்னுது.”

“இட்டிலிக் கொப்பரைல அவிச்சேன் காக்கா.”

“யா அல்லா! வால்வு அவிச்சுத் திங்குற வீட்ட இப்பத்தான் பாக்கேன். சட்னி அரைச்சாளா உம் பொண்டாட்டி?”

பம்பு சுற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். காக்கா அந்தச் சிரிப்போடு வால்வை வாயில் வைத்துப் பீப்பி போல ஊதினார். திருப்பிவைத்து மறுபக்கம் ஊதினார். பிறகு என் பக்கம் நீட்டினார். அவர் முகத்தில் சிரிப்புப் பாதியில் நின்றிருந்தது.

“எலே, இது ரெண்டு பக்கமும் போவுதே.”

ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாங்கி ஊதினேன். போனது. திருப்பி ஊதினேன். தாராளமாகப் போனது. சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். தோல் பொரித்த அப்பளம் போலச் சுருண்டு, கல்லாய்க் கிடந்தது. ஆவியில் வெந்த தோல் ஈரம் இருக்கிறவரை மெதுவாய் இருந்து ஏமாற்றிவிட்டது. காய்ந்ததும் தன் புத்தியைக் காட்டிவிட்டது. அதே தட்டில், பக்கத்துக் குழியில் வெந்த மற்றது, ஐந்து பாகத்துக்குக் கீழே அத்தானின் பிடரியில் இருந்தது.

தம்பிமாரே, நான் உடனே வாய் திறக்கவில்லை. இதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன்.

சட்டைப்பையில் செபமாலை இருந்தது. கை தானாக அதற்குள் போனது. அருள்நிறை மந்திரத்தைச் சொல்லிச் சொல்லி மணிகளைத் தள்ளினேன். குழாய் இத்தனை நாள் தாங்கியது, இன்று ஒருநாள் தாங்காதா? குழாய் வெடிக்காவிட்டால் வால்வுக்கு வேலையே இல்லையே. வேலை முடிந்து அவர் மேலே வந்ததும் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாமே. தற்காலிக வேலைக்காரன் வாய் திறந்தால் நாளைக்கு வீட்டில் இருக்க வேண்டியதுதானே. ஒவ்வொரு மணிக்கும் இப்படி ஒரு நினைப்பு. காக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வால்வின் விவரம் முழுக்கத் தெரியாது. என் முகம் போன போக்குதான் தெரிந்தது. செபம் செய்வதாகத்தான் நான் நினைத்தேன். மாதாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன் என்பதுதான் சரி.

பத்தாவது மணியில் என் கண் குழாயின் மேல் போனது. தார் நூல் சுற்றிய இடத்தில், பம்பு ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பூனை சீறுவது போல ஒரு சின்னச் சத்தம். காலையில் அது இல்லை.

“ஐயா!” என்று கத்தினேன். “வால்வு பிடிக்காது ஐயா. நான் அவிச்சுக் கெடுத்துட்டேன்.”

போர்மேன் ஐயா தாவி வந்தார். கையிலிருந்ததை வாங்கி ஒருமுறை ஊதினார்.

“எத்தன அவிச்ச?”

“ரெண்டும் ஐயா.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. “பம்பு நிக்கக் கூடாது. காசிம், அந்தக் கட்டைப் பிடியும். சூசை, நாலு இழு.”

காக்கா தலைத்துண்டைக் கடலில் நனைத்து, சீறுகிற இடத்தில் சுற்றி, இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்தார். நான் நாலு முறை இழுத்தேன். கீழேயிருந்து ஒரே ஒரு இழுப்பு வந்தது. நலம். மறுபடி நாலு இழுத்தேன். மறுபடி ஒன்று, கொஞ்சம் கோபமாக. அத்தான் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்ஜுக்கு அடியில் நிற்கிறார் என்று புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சத்தில் வேலை முடியும்போது எவன் கூப்பிட்டாலும் அவர் வர மாட்டார்.

“எல்லாரும் கயித்தைப் பிடிங்க. தூக்கிருவோம்” என்றார் ஐயா.

“வேண்டாம் ஐயா! குமிழி அந்தப் பக்கமா வருது பாருங்க. குழாய் பார்ஜுக்கு அடியில வளைஞ்சு போயிருக்கு. நம்ம இழுத்தா இரும்பு விளிம்புல அறுத்துரும். அவரா வந்த வழியே திரும்பி வரணும்” என்றேன்.

“அவர்தான் வரமாட்டேங்காரே!”

“உதறட்டுமா ஐயா?”

அவருக்கு விளங்கியது. கூடாது என்று தம் கையாலேயே எழுதி ஒட்டியவர். ஒரு மூச்சு நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

“உதறு வே.”

உதறினேன். மூன்று முறை, சங்குத் தோணியில் உதறுவது போல. பிறகு காத்திருந்தேன். கயிறு தொய்ந்தது. பம்புச் சத்தத்தையும் காக்காவின் பெருமூச்சையும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ரோசம்மாள் அக்காளின் முகம் தண்ணீரில் தெரிவது போல இருந்தது. பிறகு குமிழிகள் நகர்ந்தன. பார்ஜுக்கு அந்தப் பக்கம் இருந்தவை மறைந்து, இந்தப் பக்கம் முளைத்தன. தொய்ந்த கயிற்றைச் சாண் சாணாக வாங்கினேன். சற்றே வெட்டி இழுத்தாலும் அவருக்கு வேறு சேதி போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். ஏணியில் ஈயச் செருப்பு தட்டிய சத்தம் கேட்டது.

முகக்கண்ணாடியைத் திருகித் திறந்தார்கள். அத்தான் மூச்சு வாங்கியபடி தண்ணீரைச் சுற்றிலும் பார்த்தார்.

“சுறா எங்கலே?”

“சுறா இல்ல அத்தான். நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிடரியில் இருந்த வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். அவரே ஊதினார். திருப்பி ஊதினார். மீசையிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

“எப்பத் தெரிஞ்சுது?”

“காக்கா ஊதினப்ப.”

“எப்பச் சொன்ன?”

மறைத்திருக்கலாம். காக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. “செபமாலைல ஒரு பத்து மணி உருட்டுன பொறவு, அத்தான்.”

அவர் வால்வை என் கையில் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அந்தப் பத்தும் எனக்காவா, உனக்காவாலே?”

நாற்பது வருடமாகிவிட்டது. பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ முறை முழந்தாளிட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி போல எந்தக் குருவானவரும் என்னைக் கேட்டதில்லை.

பம்புக்கென்று பத்திரப்படுத்தியிருந்த கடைசித் தோல் துண்டிலிருந்து புது வட்டம் வெட்டினோம். குழாயின் கட்டையும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றினோம். பிற்பகல் மறுபடி இறங்க வேண்டும். போர்மேன் ஐயா என்னைக் கரைக்குப் போகச் சொல்லிவிட்டு, கயிற்றுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார். அத்தான் மறித்தார்.

“கயிறு அவன்ட்டதான் இருக்கணும் ஐயா.”

“காலைல நடந்தது போதாதா வே?”

“எனக்கு ஒண்ணுன்னா எம் பொண்டாட்டிட்ட அவன்தான் போய்ச் சொல்லணும். அந்தப் பயம் வேற யாருக்கு இருக்கும்?” என்னைப் பார்த்தார். “ஏலே, ஊதிக் காட்டு. எங் காதுக்கிட்ட வந்து ஊது.”

குனிந்து அவர் காதருகே ஊதினேன். ஒரு பக்கம் காற்று. மறுபக்கம் ஒன்றுமில்லை. தலையாட்டிவிட்டு ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் கம்பி கோத்தாகிவிட்டது. அதன்பின் அவர் ஓய்வு பெறும்வரை, நான் காதருகே ஊதிக் காட்டாமல் ஒருநாளும் தண்ணீரில் கால் வைத்ததில்லை. என் பேருக்கு நேரே போர்மேன் ஐயா எழுதிய குறிப்பால் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது. அது நியாயம். தெரசா கொப்பரையை மூன்று தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஆனாலும் அந்தப் பெருநாள் இட்டிலியை என்னால் விழுங்க முடியவில்லை.

வீட்டுச் சாமானைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கிடைக்காத காலத்தில் கிடைத்ததை வைத்துத்தான் எல்லோரும் பிழைத்தோம். பளபளப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே எது வேகும் என்று பாருங்கள். எந்த நிலையில் வேலை செய்யப் போகிறதோ அந்த நிலையில் சோதித்துப் பாருங்கள். கெடுத்துவிட்டால் அந்த நிமிடமே சொல்லுங்கள். கை தவறுவதை ஆண்டவர் மன்னிக்கிறார். கீழே ஒருவன் நிற்கும்போது மேலே நாம் எண்ணிக்கொண்டிருக்கிற மணிகளுக்கு என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது.

போன வாரம் மறுநாள் காலையே கிடங்குக்குத் திரும்பிப் போய் அந்தத் தம்பியிடம் பேசினேன் என்றேன் அல்லவா? இதைத்தான் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சூடு காட்டிய இணைப்புகளை ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதினார். ஆறு இருந்தன. ஆறையும் உடனே பிரித்து, உள்ளே இருந்த ரப்பர் வளையங்களை எடுத்து மேசையில் வைத்தோம்.

“இவ்வளவுதானா தம்பி?” என்று கேட்டேன்.

“இவ்வளவுதான் ஐயா” என்றார்.

நான் எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“ஐயா, இன்னொண்ணும் இருக்கு.”

திரும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.